பாதைக்குத் தண்ணீர் ஊற்றிய ஆறு நாட்கள்

நானும் உங்கள் மாமாவும் சேர்ந்து ஒரு பூங்காவைக் காப்பாற்றிய கதையை அவர் வாயால் கேட்டிருப்பீர்கள். அவர் சொல்லும்போது என் பங்கு வரவரக் குறைந்துகொண்டே போகிறது. அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன்.

நான் மதுரையில் மில்லில் சேர்ந்த புதிது. நீங்கள் யாரும் பிறக்கவில்லை. எங்கள் தெருக்கோடியில் ஒரு பூங்கா இருந்தது. அது பூங்கா என்பதை வாசலில் இருந்த பலகையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே கருவேலமும் சப்பாத்திக்கள்ளியும் அடைத்துக்கொண்டு நின்றன. நடுவே போன ஒரே பாதையை மழைத்தண்ணீர் அரித்து அரித்து, ஆடுகூடப் பார்த்துக் காலெடுத்து வைக்கும்படி ஆக்கியிருந்தது. ஒருநாள் நகராட்சி ஓவர்சியர் வந்து பார்த்தார். "ஆள் நடக்காத எடத்துக்குப் பூங்கான்னு பேரு எதுக்கு? வண்டிப்பேட்டை ஆக்கிரலாம். மழைக்காலத்துல இன்னொரு தடவ வாரேன், அப்பவும் இப்படியே இருந்தா எழுதி அனுப்பிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அங்கே ஒரு தோட்டக்காரர் இருந்தார். பூங்கா போனால் அவருக்கு வேலையும் போகும், மூலையில் இருந்த குடிசையும் போகும். ஒற்றை ஆளாக அவர் அந்த முள்ளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர் போக ஆரம்பித்தோம். நான், உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டை விட்டுவிட்டு என்னோடு மில்லுக்கு வந்திருந்த உங்கள் மாமா, அடுத்த தெரு நெசவுக்கார நண்பர் ஒருவர். நண்பருக்கு வீட்டில் பேசும் மொழி வேறு; எங்களைத் திட்ட மட்டும் நல்ல தமிழ் வைத்திருந்தார்.

முள்ளை வெட்டியதில் வம்பு ஒன்றும் இல்லை. பாதை போட ஆரம்பித்ததும் வந்தது. நண்பர் வீட்டிலிருந்து நூல்கண்டு கொண்டுவந்து இரண்டு பக்கமும் கட்டினார். தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற தெருவைப் போல நேராக இருக்க வேண்டுமாம். ஒரு விரற்கடை கோணினாலும் கொத்தியதை மூடிவிட்டு மறுபடி கொத்தச் சொன்னார். உங்கள் மாமா அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு, பாதை ஏன் அரிக்கிறது என்று மூன்று ஞாயிறு யோசித்தார்.

"மாப்ள, தண்ணி ஓடுறதாலதான பாதை அரிக்குது?"

"ஆமா மச்சான்."

"அப்ப ஓடவிடாமக் கட்டிருவோம்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்கள் நாங்கள். பெய்கிற மழையில் ஒரு சொட்டைக்கூட அடுத்தவன் காட்டுக்குப் போகவிடாமல் வரப்புப் போட்டுப் பழகிய கை. வற்றிக் கிடந்த கண்மாயிலிருந்து தண்ணீர் இறங்காத கரம்பை மண்ணைச் சுமந்து வந்து பாதை முழுக்கப் பரப்பினோம். இரண்டு பக்கமும் வரப்பு, இரண்டு முனையிலும் குறுக்கு வரப்பு, எல்லாவற்றையும் மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி வழவழப்பாக்கினோம். காய்ந்ததும் அதில் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம் போல இருந்தது.

நெசவுக்கார நண்பர் மட்டும், "அண்ணே, மழ பேஞ்சா தண்ணி எங்கிட்டுப் போகும்?" என்று கேட்டார்.

"எதுக்குப் போகணும்?" என்றார் உங்கள் மாமா.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. நான்காம் நாள் காலை, வேலைக்குப் போகும் முன் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மூவரும் போனோம். பாதை நெடுக ஒரு நாற்றங்கால் கிடந்தது. கணுக்கால் தண்ணீர், அதற்குக் கீழே முழங்கால் சேறு. தவளைகள் வேறு குடி வந்துவிட்டன.

தோட்டக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "பாதை போடச் சொன்னா பயிர் வைக்கிறீகளேடா! மூணு தடியன்கள்ல ஒருத்தனுக்குமா அறிவு இல்ல?"

"நூல் நேராத்தான் இருக்கு, பாருங்க அண்ணே" என்றார் நண்பர்.

நான் வரப்பை வெட்டிவிட மண்வெட்டியை எடுத்தேன். அதற்குள் ஓவர்சியர் வாசலில் வந்து நின்றுவிட்டார். கைத்தடியைப் பாதையில் ஊன்றினார். அது பாதிக்கு மேல் உள்ளே இறங்கியது. மல்லுக்கட்டி உருவியெடுத்தார்.

"அடேயப்பா! இந்த நெலத்துல பாரவண்டி நின்னா அச்சு வரைக்கும் எறங்கிருமே! பேட்டைக்கு இது ஆகாது. பூங்காவாவே கெடக்கட்டும். இந்த வாரத்துல இஞ்சினீயர் வந்து பாத்துக் கையெழுத்துப் போடுவாரு."

அடியில் இருப்பது கெட்டியான மண்தான், கரம்பையைப் பரப்பித் தண்ணீரைக் கட்டி வைத்தது நாங்கள்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உங்கள் மாமா என் கால்மேல் ஏறி நின்றுகொண்டார். பொய் சொல்லக்கூடாது என்று உங்களுக்குச் சொல்கிற அப்பன் அன்றைக்குப் பேசாமல் நின்றது அதனால்தான். அவர் கனத்த ஆள்.

ஓவர்சியர் போனதும் தோட்டக்காரர் மண்வெட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "வரப்புல எவனாச்சும் கைய வச்சீக, பாத்துக்கங்க. இஞ்சினீயர் வர்ற வரைக்கும் தண்ணி இப்படியே நிக்கணும்."

மறுநாள் பார்த்து வெயில் அடிக்கத் தொடங்கியது. அதுவும் சித்திரை வெயில் போல. பூங்காக் கிணற்றிலிருந்து தினமும் விடிந்ததும் ஆளுக்கு இருபது வாளி இறைத்துப் பாதைக்கு ஊற்றிவிட்டு மில்லுக்கு ஓடினோம். அந்த வழியாகத் தயிர் விற்கப் போகிற அம்மாள் மூன்றாம் நாள் நின்று பார்த்தார்.

"என்னப்பா, பாதை எப்பக் கதிர் விடும்?"

"தை பொறக்கட்டும் ஆத்தா, அறுப்புக்குச் சொல்லி விடுறோம்" என்றார் உங்கள் மாமா.

ஆறாம் நாள் நாங்கள் வாளியும் கையுமாக நின்றபோது இஞ்சினீயர் சைக்கிளில் வந்து இறங்கினார். பாதையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு, மூன்று பேரில் என்னைப் பார்த்துத்தானா அவர் கேட்க வேண்டும்!

"மழை நின்னு ஆறு நாளாச்சே. இன்னுமா இங்க தண்ணி வத்தல?"

உங்கள் மாமா அன்று எட்டாத தூரத்தில் நின்றார். எனக்குக் கால் தப்பியது, வாய் தப்பவில்லை. "நாங்கதான் ஐயா தெனமும் ஊத்துறோம்" என்றேன்.

தோட்டக்காரர் கையிலிருந்த வாளி நழுவி விழுந்தது. நண்பர் தன் மொழியில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்காது.

இஞ்சினீயர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேட்டா ஒழுங்காப் பதில் சொல்றானா பாரு! பாதைக்கு எவனாச்சும் தண்ணி ஊத்துவானா? மதுரைக்காரனுக கேலிக்குக் கொறச்சலே இல்லப்பா!" சைக்கிள் இருக்கைமேல் ஓவர்சியர் எழுதிய காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே போனார்.

அன்று சாயங்காலமே குறுக்கு வரப்பை வெட்டினோம். தண்ணீர் தடதடவென்று சாக்கடைக்கு ஓடியது, தவளைகளோடு. தோட்டக்காரர் சேற்றை வழிக்க எல்லோர் கையிலும் மண்வெட்டி கொடுத்தார். எனக்கு மட்டும் கொடுக்கவில்லை.

"நீ சும்மா உக்காரு தம்பி. நீ எந்திரிச்சாலே எங்கயாச்சும் வாயத் தொறந்துருவியோன்னு எனக்கு நெஞ்சு அடைக்குது."