தறி நின்ற மதியம்

எங்கள் ராக் பேண்டின் முதல் ஆல்பத்தைச் சூலூரில் ஒரு வாடகை அறையில் பதிவு செய்தோம். கிடாரோடு உறுமியும் நாதஸ்வரமும் மோதிக்கொள்ளும் பாட்டுகள். பக்கத்து விசைத்தறிக் குடோன்காரர், புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டிய மனிதர், நாங்கள் கேட்டதும் தறிகளை மதியம் முழுக்க நிறுத்திவிட்டார். ஆனால் எங்கள் அறை வாசலில் செருப்புத் தேய நடந்துகொண்டே இருந்தார்.

“கொஞ்சம் உக்காருங்கண்ணா. செருப்புச் சத்தம் மைக்குல உழுகுதுங்க,” என்றேன்.

“தறி நின்னுபோச்சுன்னா எனக்குக் காலு நிக்கமாட்டீங்குது கண்ணு.”

அந்தச் சத்தம் கடைசிப் பாட்டுக்குப் பொருந்திப்போனது, அப்படியே விட்டுவிட்டோம்.

ஆல்பம் வந்ததும் அவரிடம் கொண்டுபோனேன். ஓடும் தறிகளுக்கு நடுவே நின்று, இயர்போனை இரண்டு கையாலும் காதில் அழுத்திக்கொண்டு கேட்டார். முகம் வாடிவிட்டது.

“ஏனுங்க, கடைசீல ஒருத்தர் நடக்கறாரே, அவருக்கு என்னுங்க அப்படிக் கஷ்டம்?”

நான் குனிந்து அவர் செருப்பைப் பார்த்தேன்.