காலில்லாத பாகமும் தாவீது சாரின் காதும்

ரேடியோ ரிப்பேர் என்பது, ஊரார் கேட்க வேண்டியதற்காக நாம் வாயைத் திறக்காமல் குனிந்து கிடக்கும் தொழில்.

ஈயம் வைக்கும் சூடான அயர்னில் விரலை வைத்துவிட்டு, வாடிக்கையாளர் முன்னால் வலிக்காததுபோல் சிரித்த அன்பர்களே, இது உங்களுக்குத்தான். எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் பஜாரில், பாய் நடத்திய ரேடியோ ரிப்பேர் கடையில் எனக்கு வேலை. மதியம் திரும்பினால் ஏரிப் பக்கமிருந்து மேகம் ஏறிவந்து கடைக்குள் நுழையும். ஈயம் உருகும் புகையும் அதுவும் கலந்துவிட்டால், வேலை பார்க்கிறேனா, கனவு காண்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும்.

சட்டைப் பையில் காது

தாவீது சார் கோயில் பாட்டுக்குழுவை நடத்துகிறவர். அவருடைய காது மிஷின் சட்டைப் பையில் இருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் காதுக்குப் போகும். கொஞ்ச நாளாகப் பெட்டியை அமுக்கினால் கேட்டது, விட்டால் கேட்கவில்லை. ஒரு கையால் பையை அமுக்கிக்கொண்டு மறு கையால் எத்தனை நாள் தாளம் போடுவார்? சனிக்கிழமை ஒத்திகையிலும் இப்படியே இருந்தால் ஈஸ்டர் பாட்டுகளை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகச் சபைச் செயலாளர் சொல்லிவிட்டாராம்.

பெட்டியைத் திறந்தேன். நமக்குத் தெரிந்த பாகங்களுக்கெல்லாம் கம்பிக் கால் உண்டு. ஓட்டையில் நுழைத்து ஈயம் வைத்தால் தீர்ந்தது. இதில் எள்ளளவு பாகம் ஒன்று, காலே இல்லாமல் போர்டின்மேல் படுத்திருந்தது. ஒரு ஓரத்து ஈயம் விண்டிருந்தது. தாத்தா சொன்ன கதையில் அரக்கனின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு வண்டுக்குள் இருக்கும். வண்டுகூடத் தேவலாம் என்று நினைத்துக்கொண்டேன். பாய் எட்டிப் பார்த்தார்.

"கால் இல்லாம செஞ்சு அனுப்பிருக்கான். ஓடிப் போகாதுன்னு நெனச்சுட்டான் போல!"

ஓடிப்போனது

பழைய ஈயத்தைச் சுத்தம் செய்ய அதைக் கழற்றி ஒரு வெள்ளைத் தாளில் வைத்திருந்தேன். ரேடியோவுக்கு பேட்டரி வாங்க கிளாவரை கிராமத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், உள்ளே வந்த மேகத்துக்கு ஒரு தும்மல் போட்டார். தாளில் தாள் மட்டும் இருந்தது.

"யாரும் அசையாதீங்க" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்காது. பாய் அதை உரக்கத் திருப்பிச் சொன்னார். மேஜை, தரை, என் மடி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் பெரியவர் போர்த்தியிருந்த கம்பளியை லென்ஸ் வைத்து இழை இழையாகத் தேட ஆரம்பித்தேன். தூக்கிய கையை இறக்காமல், மூச்சை அடக்கி நின்றார் மனுஷன். தோள்பட்டை ஓரத்தில் அகப்பட்டது.

"தம்பி, எனக்கு கிளாவரை பஸ்ஸப் பிடிக்கணும். அது எறங்கிருச்சா, இல்ல எங்கூடவே வருதா?"

எழுந்து நின்றது

இனிதான் கஷ்டம். ஒரு ஓரத்தில் அயர்னை வைத்தேன். ஈயம் உருகி இழுத்ததும், அந்த எள் மறு ஓரத்தைத் தூக்கிக்கொண்டு மைல்கல் மாதிரி நெட்டுக்குத்தலாக நின்றது. படுக்க வைத்து மறுபக்கம் சுட்டேன். இந்தப் பக்கம் எழுந்தது. மூன்று தடவை. இன்னும் சுட்டால் போர்டிலுள்ள செம்புக் கோடு உரிந்து வந்துவிடும். அப்புறம் அந்த மிஷினுக்கு ஜபம்தான் பண்ண வேண்டும். வெள்ளிக்கிழமையும் சாயப் போகிறது. பாய் மட்டும் ரசித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, கால் இருக்கிற நாம காலையிலேருந்து உக்காந்து கெடக்கோம். காலில்லாதது எந்திரிச்சு நிக்கிதே!"

நாலு எண்ணும் வரை

இரண்டு ஓரமும் ஒரே நேரத்தில் உருகினால் எழுந்திருக்காது என்று தோன்றியது. கைக்கு ஒரு அயர்ன் வைத்துக்கொண்டேன். நடுவில் இடுக்கியால் அமுக்கிப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். பாயைப் பிடிக்கச் சொன்னால், அவர் கண்ணாடியில் பனி படர்ந்து ஒன்றும் தெரியவில்லை. மிஷின் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த தாவீது சாரையே உட்கார வைத்தோம்.

அவருக்கு நான் சொல்வது கேட்காது. ஜாடை காட்ட எனக்குக் கை இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், இடுக்கியைப் பிடித்தார், இடது கையால் மேஜையில் தாளம் தட்டினார். நாலு. அந்தக் குளிருக்கு ஈயம் இளக அதுதான் சரியான கணக்கு. நான்காம் தட்டில் இரண்டு அயர்னையும் எடுத்தேன். போதும் என்று தலையாட்டினேன். அவர் இடுக்கியை எடுக்கவில்லை. எட்டு வரை தட்டிவிட்டு, ஈயம் இறுகிய பிறகே விட்டார். பாகம் சமர்த்தாகப் படுத்திருந்தது.

"பாட்டு முடிஞ்சிருச்சுன்னு உடனே கையை எறக்கப்படாது தம்பி. கடைசி சத்தம் அடங்கணும்."

சனிக்கிழமை ஒத்திகை

பாயும் நானும் கோயில் வாசலில் நின்றோம். செயலாளர் முதல் பெஞ்சில். சார் பையில் கை வைக்காமலே தாளம் போட்டார். இரண்டு பாட்டு போயிற்று. மூன்றாவதன் நடுவில் சட்டென்று கையை உயர்த்தி நிறுத்தினார், காதைச் சாய்த்தார். பாய் என் தோளை இறுக்கினார். செயலாளர் எழுந்தேவிட்டார்.

ஒரு சத்தமும் இல்லை. அப்புறம், ரொம்பத் தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல, தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்தது. எங்களுக்கு அப்போதுதான் கேட்டது. செயலாளர் கூரையைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

"மழை வருது. அது எந்தச் சுருதியில பெய்யுதுன்னு பாத்துட்டு, நாம அடுத்த வரிய எடுப்போம்."

அன்றிலிருந்து ஊரில் யாருக்குக் காதில் என்ன வந்தாலும் என்னிடம்தான் அனுப்புகிறார்கள், காது வலி என்று அழும் குழந்தைகள் உட்பட.