கையை அழுத்தியது யார்

கலவரத்துக்குப் பிறகு கண்டியில் எங்கள் வீட்டில் நாலு பேர் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் வலது கை.

அந்தக் கை யார் சொல்லும் கேட்காது. அப்பா அதை இடது கையால் தூக்கி வந்து மேசையில் வைப்பார். மறந்து எழுந்தால் அது கதிரையோரம் தொங்கும். ஒருநாள் சுடச்சுடத் தேநீர்க் கோப்பையில் சாய்ந்து கொப்புளம் எழும்பியும் அப்பாவுக்குத் தெரியவில்லை, நான்தான் கண்டு சொன்னேன். இடது கையால் சாப்பிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. அம்மா சோறு பிசைந்து ஊட்டுவார். எனக்கு அந்தக் கையின்மேல் பயம். அது நித்திரை போல் பாசாங்கு செய்கிறது, நான் திரும்பியதும் விழித்துக்கொள்ளும் என்று நம்பினேன்.

தமிழர் வீடுகளைத் தேடி அடித்த அந்த ஆடிக் கலவரத்தில் வாசல் கதவை உடைக்கும் சத்தம் கேட்டதும், அப்பா பின்பக்க யன்னலால் என்னைத் தூக்கி வெளியே விட்டார். கல்லெறியில் உடைந்து சட்டத்தில் மிஞ்சியிருந்த கண்ணாடி அவருடைய முழங்கைக்கு மேலே உட்பக்கமாகக் கிழித்தது. மடவளையில் கடை வைத்திருந்த அப்பாவின் முஸ்லிம் சிநேகிதர் எங்களைத் தன் வீட்டில் ஒளித்து வைத்தார். காயத்துக்கும் அங்கேயே கட்டுப் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வழி பிறந்தபோது தோல் மூடியிருந்தது. உள்ளே நரம்பு அறுந்தபடியே கிடந்தது. அப்பாவுக்குக் கட்டடப் படம் வரைகிற உத்தியோகம். கை எழும்பாவிட்டால் அதுவும் போய்விடும்.

எனக்கும் அப்பாவுக்கும் இடையில் ஓர் ஏற்பாடு இருந்தது. நான் பெரிய வாயாடி. பஸ்ஸிலோ தெருவிலோ நான் தமிழில் அளக்கத் தொடங்கினால் அப்பா வலது கையால் என் கையை ஒருமுறை அழுத்துவார். வாயை மூடு என்று அர்த்தம். ஏன் என்று கேட்கக்கூடாது. அது விழுந்த பிறகு இடது கைக்கு அதைத் தாங்கிப் பிடிக்கவே சரி, என்னை அழுத்த ஆளில்லை. அதனால் வெளியே போனால் அம்மாவுக்குத்தான் நெஞ்சிடி.

ஒரு மழை நாளில் அப்பா என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கைக்கு மின்சாரம் வைக்கும் சிங்கள மிஸ்ஸுக்கு ஹேவாஹெட்டப் பக்கம் ஊர். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் தெரியும். உப்புத்தண்ணீரில் நனைத்த துணிகளை அப்பாவின் கையில் வைத்துக் கட்டிவிட்டு ஒரு விசையைத் தட்டினார். கை கிடந்தபடி கிடந்தது. மிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு, பெட்டியில் வேறொரு குமிழைத் திருப்பினார்.

“நரம்பு பதில் சொல்லல்லைங்க ஐயா. ஆனா தசை இன்னும் சாகல்ல. நேரா அதுக்கே கொடுத்துப் பாப்பம்” என்றார். பிறகு விசையைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, “பயப்படாதீங்க மகள். அப்பாட கையைப் பிடிச்சுக்கங்க. உங்க பேர் என்ன?”

வெளியில் எங்களோடு தமிழில் பேசுகிறவரைக் கண்டு எத்தனையோ நாளாகியிருந்தது. சந்தோஷத்தோடு வாயைத் திறந்தேன். அப்போது அந்த விரல்கள் மடங்கத் தொடங்கின. வெடுக்கென்று அல்ல. மண்புழு ஊர்வதுபோல மெல்ல மெல்ல வந்து என் கையைச் சுற்றி இறுகின. குளிர்ந்திருந்தன. அப்பாவோ யன்னலுக்கு வெளியே ஹந்தானை மலையை மூடிய பனிப்புகாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டேன். யாருக்குக் கேட்கக்கூடாது என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாக் கட்டிலும் வெறுமையாக இருந்தது. ஒருவருமில்லாத இடத்தில் அப்பா யாரைக் காண்கிறார் என்று நினைத்ததும் எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. மிஸ் விசையைத் தட்டி மறுபடியும் பேரைக் கேட்டார். விரல்கள் மறுபடியும் இறுகின.

தசை என்பது நூலுக்குள் நூலாகக் கட்டிய கட்டு என்று பின்னாளில் படித்தேன். கடைசி நூலுக்குள் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் அடுக்கியிருக்கின்றன. நரம்பின் நுனியிலிருந்தோ வெளியிலிருந்தோ சேதி வந்தால் ஒன்றுக்கிடையில் ஒன்று வழுக்கி நுழைகின்றன, தசை சுருங்குகிறது. சேதியை அனுப்பியது மனிதனா பெட்டியா என்று அவை பார்ப்பதில்லை.

பஸ்ஸுக்கு நின்றபோது அப்பா குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“அந்த மிஸ் ஆசையாக் கேட்டவ. ஏன் பிள்ளை வாய் திறக்கேல்லை?”

“நீங்கள்தானே அப்பா கையை அமத்தினனீங்கள்.”

அப்பா வலது கையை இடது கையால் தூக்கி, இன்னொருவருடைய பொருளைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஓம்” என்றார். “நான்தான் அமத்தினனான்.”

வீட்டுக்கு ஓடிப்போய், அப்பாவின் கை சுகமாகிவிட்டது, இரண்டு தரம் என்னைப் பிடித்தது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா மறுக்கவில்லை. அன்றைக்கும் சோற்றைப் பிசைந்து அப்பாவின் வாயருகே கொண்டுபோனார். சுகமான கையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் இன்னும் ஏன் வாயைத் திறக்கிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.