கை தவறிய எட்டாம் நம்பர்

செருப்புக் கடையில் வேலை செய்கிறவனுக்கு வருகிறவர்களின் கால் முதலில் தெரியும், முகம் கடைசியில்தான் தெரியும். கூட்ட நாளில் அதுவும் தெரியாது.

செங்கல்பட்டில் ஒரே கடையில் முப்பத்தெட்டு வருஷமாக ஊர்க் கால்களுக்குக் குனிந்துகொண்டிருக்கிறேன். படிப்பு ஐந்தாவது. எனக்கு இங்கிலீஷ் ஐந்தில் தொடங்கிப் பத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் எங்கள் கடையில் சைஸ் கிடையாது, எனக்கும் தேவைப்படவில்லை. குனிந்தால் நிமிர ஒரு தடவை யோசிக்கிறவர்கள், படியில் கால் வைக்கும் முன் கைப்பிடியைத் தேடுகிறவர்கள், தடுமாறியதும் வலியை விட்டுவிட்டு யாராவது பார்த்தார்களா என்று பார்க்கிறவர்கள், நீங்கள் எல்லாம் என் ஆட்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் மறக்கிறவன் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு மனசில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அதில் முதல் பெயர் கன்னியப்பன்.

வழுக்குமா?

ஒருத்தர் வயதை அவர் கேட்கும் முதல் கேள்வியில் சொல்லிவிடுவேன். சின்னப் பிள்ளைகள் லைட் எரியுமா என்று கேட்கும். காலேஜ் போகிறவர்கள் வேறு கலர் கேட்பார்கள். கல்யாணமானவர்கள் எத்தனை மாசம் உழைக்கும் என்பார்கள். கடைக்குள் வந்ததும் வராததுமாக ஒருத்தர் "வழுக்குமா?" என்று கேட்டால், முடி எத்தனை கருப்பாக இருந்தாலும் அவருக்கு வயதாகிவிட்டது.

படூரில் ஃப்ளாட் வாங்கியிருக்கும் ஒரு பெண் தன் அம்மாவைக் கூட்டிவந்தாள். அம்மாவுக்குப் பதிலாக அவளே கேட்டாள், வழுக்குமா என்று. நான் தட்டையான, மெத்தென்ற, பழுப்பு நிறச் செருப்பை எடுத்து வைத்தேன். அந்த அம்மா அதைக் காலால்கூடத் தொடவில்லை. கண்ணாடி அலமாரியில் குதிகால் உயர்ந்த ஒரு ஜோடி மினுமினுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் அதைத்தான் போட்டுக்கொண்டு போனார். வாசற்படி தாண்டும் வரை என் உயிர் என்னிடம் இல்லை. அவர் தடுமாறவே இல்லை. பழுப்புச் செருப்பைக் காட்டி அவர் சொன்னது இதுதான்: "இத்த போட்டுகினு நான் எங்க போறது, ஆஸ்பத்திரிக்கா? அந்த தங்கக் கலர எடுப்பா."

மேலே யாரு?

அப்போதெல்லாம் எங்கள் கடையில் சரக்கு முழுவதும் பரணில் இருந்தது. சீலிங்கில் இரண்டடிக்கு இரண்டடியில் ஒரு ஓட்டை. நான் கீழே நின்று "கருப்பு, எய்ட்டு" என்று குரல் கொடுத்தால் ஓட்டை வழியாகப் பெட்டி விழும். தலையைத் தூக்காமலே பிடித்துவிடுவேன்.

மேலேயிருந்து போட்டவன்தான் கன்னியப்பன். என்னைவிட நாலு வயது சின்னவன். புதுப்பட்டினத்தில் கடலுக்குப் போகிற குடும்பம். இவனுக்குப் படகில் ஏறினாலே வாந்தி. அதனால் பரணில் ஏறிவிட்டான். டீ வந்தால் ஓட்டையில் காலைத் தொங்கவிட்டு உட்காருவான், நான் டம்ளரை எட்டிக் கொடுப்பேன். வலது உள்ளங்காலில் பிறை மாதிரி ஒரு தழும்பு, சின்ன வயதில் கிளிஞ்சல் கிழித்தது. இருபத்திரண்டு வருஷம் அந்தத் தழும்புக்குக் கீழே நின்று டீ குடித்திருக்கிறேன்.

ஒரு நாள் ஒரு சின்னப் பெண் குழந்தை அண்ணாந்து பார்த்து, "மேல யாரு, சாமியா?" என்று கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது: "சாமிதான் பாப்பா. உன் சைஸ் மட்டும் இல்ல."

நான் விழுந்த நாள்

திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம். மாப்பிள்ளைக்கு ஷூ. பெண் வீடு, பிள்ளை வீடு என்று பதினைந்து பேர் நிற்கிறார்கள். "பிரவுன், எய்ட்டு" என்றேன். பெட்டி என் விரல் நுனியில் பட்டு நழுவியது. பிடிக்கப் பின்னால் கால் வைத்தேன், அங்கே ஸ்டூல். மல்லாந்து விழுந்தேன். பெட்டி திறந்து ஒரு ஷூ என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு. அடி ஒன்றும் இல்லை. எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, நானும் சிரித்திருந்தால் முடிந்திருக்கும். அதற்குள் ஓட்டையிலிருந்து கன்னியப்பன் தலை தலைகீழாக வந்தது. மாப்பிள்ளை முதற்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "அண்ணாத்தக்கு வயசாயிப்போச்சுபா. நாளையிலேர்ந்து பொட்டிய கயித்துல கட்டி எறக்குறேன்."

கயிறு

பேச்சுக்குச் சொன்னான் என்றால் மன்னித்திருப்பேன். மறுநாள் நிஜமாகவே ஒரு நைலான் கயிறும் கொக்கியும் வாங்கிவந்தான். பெட்டி ஒவ்வொன்றும் ஆடி ஆடி இறங்கியது. கொக்கியிலிருந்து பெட்டியை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பதினைந்து பேரும் என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிற மாதிரி இருக்கும். இரண்டே நாள். அதற்குப் பிறகு நானே ஏணி போட்டு ஏறி, அவன் பக்கத்திலேயே கைநீட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்குவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். டீ டம்ளரையும் ஏணிப்படியில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஆறு மாசம் இப்படி ஓடியது. பிறகு முதலாளி மகன் சுற்றிலும் ரேக் அடித்து, ஓட்டையை அடைத்து அங்கே ஒரு வட்ட லைட் போடப்போவதாகச் சொன்னார். கன்னியப்பனுக்கு வேலை இல்லை. கடைசி நாள் என் பின்னால் கொஞ்ச நேரம் நின்றான். நான் ஒரு கஸ்டமருக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்த நாடாவை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கல்லாப் பக்கம் போய்ச் சொன்னதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்: "வரேன் மொதலாளி. அண்ணாத்தைய ஏணியில ஏற வுடாதீங்க."

புதுப்பட்டினம் பஸ்

எட்டு வருஷம் ஆகிவிட்டது. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் முதலில் காலைத்தான் பார்ப்பேன். அவன் வர வேண்டும். வந்து, தப்பு என்னுது அண்ணாத்த என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது போதும். இன்றைக்கும் அவசரத்தில் மேலே பார்த்து "எய்ட்டு" என்று குரல் கொடுத்துவிடுவேன். லைட்டில் கண் கூசும்.

என் மகளை மாமல்லபுரத்தில் கொடுத்திருக்கிறேன், மருமகனுக்குச் சிலைப் பட்டறையில் வேலை. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, மகளைப் பார்க்கப் போவேன். திரும்பும்போது நேராக வீட்டுக்கு வராமல், எதிர்ப் பக்கம் புதுப்பட்டினம் பஸ் ஏறிப் போய், அங்கிருந்து செங்கல்பட்டு பஸ் பிடிப்பேன். வீட்டில் கேட்டால் காற்று வாங்க என்பேன். ஜன்னல் வழியாக மார்க்கெட்டைப் பார்ப்பேன். மீன் கூடை, குடை, கல்பாக்கம் ஆபீஸ்காரர்களின் ஸ்கூட்டர் எல்லாம் தெரியும். அவன் தெரிய மாட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஸ்டாண்டு வரை போகாமல் மார்க்கெட்டிலேயே இறங்கி அவன் வீட்டை விசாரித்துவிடலாம் என்று துணிந்து எழுந்தேன். கடைசிப் படியில் கால் தவறியது. கம்பியைப் பிடித்ததால் தொங்கிக்கொண்டு நின்றேன், ஒரு செருப்பு தரையில், ஒரு கால் படியில். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை: "பெருசு, எறங்குறியா, இல்லியா? அத்த மொதல்ல முடிவு பண்ணு."

யாருக்கு மாமா?

அன்றைக்கு இறங்கவில்லை. செருப்பை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறி உட்கார்ந்தேன். ஆனால் ராத்திரி முழுக்க அந்தப் படியில்தான் நின்றேன்.

மறுநாள் மதியம் கடையில் ஆள் இல்லாதபோது பழுப்பு நிற மெத்துச் செருப்பு ஒன்றை எடுத்து மாட்டி, கால் பார்க்கிற கண்ணாடி முன்னால் நாலு அடி நடந்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் கடையில் லேடீஸ் பக்கம் பார்க்கிற செல்வி சாப்பாட்டு டப்பாவோடு வந்துவிட்டாள். யாருக்கு மாமா என்றாள். ஒரு கஸ்டமர் கேட்டார், சோதித்துப் பார்க்கிறேன் என்றேன். அவள் என் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்: "அந்த கஸ்டமருக்கு வழுக்குமான்னு இன்னும் கேக்கத் தோணலியா மாமா?"

பிறை

போன மாசம் ஒரு நாள், பகல் பன்னிரண்டு மணி இருக்கும். ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். வீங்கின பாதம், வெடித்த குதிகால். சுகர் கால் என்று பார்த்ததும் தெரிந்தது. ஸ்டூலைத் தள்ளிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து, அளவு பார்க்க வலது காலைத் தூக்கினேன். உள்ளங்காலில் பிறை.

நிமிர்ந்து பார்க்கவில்லை. காலை விடவும் இல்லை. மேலேயிருந்துதான் அந்தக் குரல் வந்தது, எப்போதும் போல.

"ஓட்டைய அடச்சிட்டானுங்களா?"

"லைட் போட்ருக்காங்க."

"அன்னிக்கு நீ வுடல அண்ணாத்த. நான்தான் கோணலா போட்டேன். வெரலு மரத்துப் போயிருந்துச்சு. சுகர்னு அப்ப தெரியாது. தெரிஞ்சா மேலேர்ந்து எறக்கிடுவாங்கன்னு ஒன் தலையில கட்டிட்டேன். கயிறு ஒனக்கில்ல, எனக்கு."

"இத்த அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"நீ திரும்பவே இல்லியே."

எட்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. வந்ததும் கத்த வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ. அவன் கட்டைவிரலை அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டேன். "நீ தொட்டுகினு கீறதே தெரியல" என்றான். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். கிழவனாகியிருந்தான். அவனும் என்னைப் பார்த்து அதையேதான் நினைத்திருப்பான்.

பழுப்புச் செருப்பில் இரண்டு பெட்டி எடுத்தேன், அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவன் செருப்பைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தடவி, என் வாயிலும் வர இருந்த கேள்வியை முந்திக்கொண்டு கேட்டான்: வழுக்குமா? வழுக்காது என்றேன். இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம். பிறகும் நான் தரையிலேயே இருப்பதை அவன் கவனித்துவிட்டான்.

"உக்காந்துட்ட, சரி. எழுந்துக்குவியா அண்ணாத்த? கயிறு கொண்டாரல."

பட்டியலில் முதல் இடம் காலியாகிவிட்டது, அந்தப் பஸ் கண்டக்டரை அதில் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே செவ்வாய்க்கிழமைதோறும் வழுக்காத செருப்போடு புதுப்பட்டினத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.