டிக்கி எத்து

எங்கள் பாலசமுத்திரத்தில் நைனா என்றால் அப்பா. சித்தூரில் நான் டிரைவராகச் சேர்ந்த மாம்பழக்கூழ் ஃபேக்டரி முதலாளியோ, முதல் நாளே என்னை நைனா என்று கூப்பிட்டார். தெலுங்கில் சின்னவர்களைச் செல்லமாக அப்படிக் கூப்பிடுவார்கள். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அறுபது வயது மனிதருக்கு நான் அப்பாவானதை நினைத்து ஒரு வாரம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் பிறகு அனுபவித்தேன் போலிருக்கிறது.

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் இரண்டு வருஷம் நின்றபடியே வேலை செய்து கால் வீங்கியவன் நான். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதால் இதற்கு வந்தேன். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று முதலாளியின் மனைவி சொல்லிவிட்டார். அந்த வீட்டில் முடிவெல்லாம் அந்த அம்மாவுடையது. வண்டிக்கு ஏதாவது ஆனால் அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏறிவிடலாம் என்றும் சொன்னார். என் நைனாவோ, அதாவது நிஜ நைனா, மகன் பெரிய கார் ஓட்டுகிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

வண்டி புதுசு. அமெரிக்காவில் இருக்கும் மகன் அங்கிருந்தே பார்த்து வாங்கிக் கொடுத்தது. சாவி பாக்கெட்டில் இருந்தால் போதும், பின் பம்பருக்கு அடியில் காலை லேசாக ஆட்டினால் டிக்கிக் கதவு தானாக மேலே போகும். இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு முதலாளி சொன்னது இவ்வளவுதான்: டிக்கி காலில் திறக்கும்.

எட்டாம் நாள் காலையில், முகம் மறைகிற அளவுக்கு மாம்பழப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முதலாளி வெளியே வந்தார். பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“நைனா, டிக்கி எத்து.”

தெலுங்கில் எத்து என்றால் தூக்கு. தமிழில் எத்து என்றால் உதை. வேலூரில் படித்த காலத்துத் தமிழில்தான் அவர் எப்போதும் என்னிடம் பேசுவார். போதாக்குறைக்கு, காலில் திறக்கும் என்று வேறு சொல்லியிருந்தார். நான் எத்தினேன். ஷூ போட்ட காலால், பம்பருக்கு அடியில், தயங்காமல். கதவு ரொம்ப மரியாதையாக மேலே போனது. பணக்கார வண்டிக்கும் உதைதான் புரிகிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் எத்தினேன்.

மூன்றாம் வாரம் முதலாளியும் அம்மாவும் நானும் திருமலைக்குப் போனோம். தரிசனம் முடிந்து லட்டுக் கவர்களை டிக்கியில் வைத்துவிட்டு, பம்பரில் சாய்ந்தபடி முதலாளி போன் பேசினார். முதுகுக்குப் பின்னால் கதவு தானாக எழுந்தது. பீப் பீப் என்று கத்திக்கொண்டே இறங்கியது. மறுபடி எழுந்தது. மூன்றாம் முறை எழுந்தபோது ஒரு குரங்கு உள்ளே போய், ஒரு கவரோடு சாவகாசமாக வெளியே வந்தது. அம்மா திருஷ்டி என்றார். ஷோரூமில் விட்டால் சரி பண்ணிவிடுவார்கள் என்றேன், வேறென்ன சொல்ல முடியும்? வேண்டாம் என்று முதலாளி அவசரமாகத் தடுத்தார். அதற்குள் என் எத்துதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம் தட்டியிருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டினேன்.

மறுநாள் அம்மா பூஜையில் இருந்த நேரத்தில் நானே பார்க்கிறேன் என்றேன். முதலாளி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சாவி பட்டனை அமுக்கினால் கதவு ஒழுங்காகத் திறந்தது. டிரைவர் சீட் பக்கத்துப் பட்டனிலும் அப்படியே. ஆக, மோட்டாரில் கோளாறு இல்லை. வண்டிக்குள் இருந்த திரையில் கால் சென்சாரை ஆஃப் செய்ததும் வண்டி சாதுவாகிவிட்டது. பம்பருக்கு அடியில் படுத்து மூடியைக் கழற்றினேன். காலைக் கண்டுபிடிக்கிற நீளமான சென்சார் ஒரு பக்கம் கிளிப் உடைந்து ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. யாராவது சாய்ந்தால் ஆடும். ஆடினால், கால் வந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்ளும். அதன் ஒயர் கனெக்டரும் பாதி கழன்றிருந்தது. ஸ்ரீ சிட்டியில் சொல்லிக் கொடுத்தபடி தள்ளினேன், கிளிக் சத்தம் கேட்டதும் இழுத்துப் பார்த்தேன். கேபிள் டை போட்டு சென்சாரை இறுக்கினேன். ஆன் செய்து அவரைச் சாயச் சொன்னேன். கதவு அசையவில்லை. அவர் மறுபடி நாற்காலிக்குப் போனார்.

மூடியைத் திருப்பி மாட்டப்போனபோது அதிலிருந்த தூசியைப் பார்த்தேன். என் ஷூவின் வரி வரியான தடம். அதன் மேலேயே இன்னொரு தடமும் இருந்தது. வரியே இல்லாத, வழவழப்பான தோல் செருப்பின் முனை.

தலையை வெளியே நீட்டினேன். அவர் செருப்பு நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

“நீங்கதான சார் டிக்கி எத்துன்னு சொன்னீங்கோ? அதான் டெய்லி எத்திக்கினு இருந்தேன்.”

அவர் வீட்டு வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“நான் சொன்னது தூக்குன்னு. ஆனா நான் காலை ஆட்டினா சில நாள் தெறக்காது. நீ எத்தினா ஒடனே தெறக்குது. அதப் பாத்துதான் நைனா நானும் எத்தினேன். அம்மாகிட்ட சொல்லாத.”

அப்போதுதான் அம்மா பூஜை முடித்துத் தாம்பாளத்தோடு வெளியே வந்தார். பையன் ஷோரூம்காரனைவிடக் கெட்டிக்காரன், ஒரே மணி நேரத்தில் சரி பண்ணிவிட்டான் என்று முதலாளி தெலுங்கில் அளந்தார். அம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். சரி, மாதக் கடைசி வரை பார்ப்பானேன், இவனே இருக்கட்டும் என்றார். என் நைனா ஊரில் சொன்னதெல்லாம் அந்த நிமிஷம் உண்மையாயிற்று. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வைத்திருந்த மாம்பழக் கூடையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார் அம்மா.

“நைனா, டிக்கி எத்து.”

நானும் முதலாளியும் ஒரே நேரத்தில் ஓடிப்போய்க் கையால் தூக்கினோம்.