துருத் தட்டும் ஓசை

"தம்பி, நீர் எழுதினது மேடைப்பேச்சு. அப்பா கதைச்சதை எழுதும்," என்று எழுத்து வகுப்பில் விரிவுரையாளர், அப்பாவைப் பற்றி நான் எழுதிய தாளைத் திருப்பித் தந்தார். வெளியே எவரோ இரும்புக் கதவில் சுத்தியலால் துருத் தட்டி உதிர்த்தார்.

அவ்வோசையில் அப்பா நினைவில் வந்தார். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்குத் துருத் தட்டியே செவிப்புலன் குன்றியவர். மாலைதோறும் எண்ணெய் மணக்கும் சட்டையோடு அவர் கதிரையில் அமர, எதிரே நின்று விவாத உரைகளைப் பழகுவேன்.

"உரத்துக் கதை, ராசா. கேக்கேல்லை."

"கப்பல் ஊதின மாதிரிக் கத்துறன், அப்பா!"

"கப்பலோ? தோணியெண்டெல்லோ நினைச்சன்!"

அப்படி முழங்கியே மேடைகளை வென்றேன். அப்பா இறந்து ஓராண்டாகிறது.

அந்தத் தோணிப் பகிடியை எழுதியதும் பேனை நின்றது. மற்ற மாலைகளில் அவர் கதைத்தது எதுவும் நினைவில் இல்லை. எங்கும் என் குரலே கேட்கிறது.

மணியடித்தது. எழுந்து, அப்பாவின் அந்த ஒரு வரியை மட்டும் விரிவுரையாளரிடம் கொடுத்தேன்.