வரிசையின் வாலில் வெலின்

பல்கேரியாவில் கிரேக்க எல்லையை ஒட்டிய எங்கள் பெத்ரிச் ஊரில் ஸ்டாமெனைப் பிடிக்காதவர்கள் கிடையாது. அவனுக்கு வேலை கொடுப்பவர்கள்தான் குறைவு. பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு ஜன்னல் அகலத்துக்கு அவன் ஸ்டுடியோ. பாஸ்போர்ட்டுக்கு முகம் காட்ட வருவார்கள். அதை விட்டால் செத்தவர்களின் பழைய படத்தைக் கொண்டுவந்து அஞ்சலித் தாளுக்குப் பெரிதாக்கிக் கேட்பார்கள். எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் தாள் அடித்து வாசல் கதவிலும் மின்கம்பத்திலும் ஒட்டுவோம். நாற்பதாம் நாளுக்குப் புதுத் தாள், ஆறு மாதத்துக்கு ஒன்று, அப்புறம் வருஷா வருஷம். ஆக, ஸ்டாமெனின் பிழைப்பில் பாதி செத்தவர்கள் புண்ணியம். கல்யாணங்களை எல்லாம் தலைநகர் சோபியாவிலிருந்து பறக்கும் கேமராவோடு வந்து இறங்குகிறவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

அவனுக்கு மறுத்துப் பேச வராது. யார் எதைக் கேட்டாலும் தலை இடமும் வலமுமாக ஆடிவிடும். எங்களுக்கு அதுதான் ஆமாம். இல்லை என்றால் தலை மேலும் கீழுமாகப் போகும். மற்ற தேசத்தார் தலைகீழாக ஆட்டுகிறார்கள் என்றால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. அவன் மனைவி ஸ்டோய்கா வாயாடி. "உனக்குக் கழுத்துல எலும்பே கிடையாதா?" என்பாள். அதற்கும் ஆட்டுவான்.

ஸ்டோய்காவின் தம்பி வெலின் லாரி ஓட்டி. ஐரோப்பா முழுக்கச் சுற்றி, நுரையீரலைப் புகையில் தொலைத்துவிட்டு ஊர் திரும்பியவன். வாய் கொள்ளாமல் சிரிப்பான், ஆனால் கேமராவைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கைபேசியை நீட்டினாலே கெட்ட வார்த்தை வரும். அப்படிப்பட்டவன், மகள் நெவேனாவின் கல்யாணம் நிச்சயமானதும் தானாக ஸ்டுடியோவுக்கு வந்து, பாஸ்போர்ட்டுக்காரர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். நெவேனா ஜெர்மனியில் லைப்ஸிக் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளை யென்ஸ் அந்த ஊர்க்காரன்.

"மச்சான், கல்யாணத்துல ஒரே ஒரு படம். அதுல நான் இருக்கணும்" என்றான் வெலின். "நடுவுல நிக்க வச்சு சிரி சிரின்னு உயிரை எடுக்காதே. ஹோரோ ஆடும்போது வால்ல நிப்பேன்ல, அங்கேயே வச்சு எடு. மொத்தக் கும்பலும் வரணும். நான் போனப்புறம் கதவுல ஒட்டறதுக்கு அந்தப் படந்தான். அடையாள அட்டையில இருக்கற திருட்டு மூஞ்சி வேண்டாம்."

ஸ்டாமெனின் தலை ஆடியது.

ஹோரோ என்றால் கைகோத்து நீளமாக வளைந்து போகும் ஆட்டம். கொடி பிடிக்கும் பெரிய மனுஷன் வரிசையின் தலையில் நிற்பான். வாலில் நிற்பவர்கள் லேட்டாக வந்தவர்கள், குடித்தவர்கள், அப்புறம் வெலின். அவன் வேண்டுமென்றே அங்கே நிற்பான். கைக்குட்டையைச் சுழற்றி முன்னால் ஆடுகிறவர்களைக் கேலி செய்வதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்பது அவன் கட்சி.

தலையிலிருந்து வால் வரை ஒரே படத்தில் அடக்க ஸ்டாமெனிடம் ஒரு லென்ஸ் இருந்தது. அவன் சொத்தே அதுதான். அறை மூலையில் நின்றால் மொத்த அறையையும் வாரிக்கொள்ளும். ஆனால் அவன் கேமரா பழசு, வெளிச்சம் விழுந்து படம் பதியும் சென்சார் சின்னது. கொஞ்சம் வெளிச்சம் குறைந்தாலும் படம் முழுக்க மணல் தூவியது போல் இருக்கும். மச்சான் கேட்டது ஒரே படம், அதை நல்ல கேமராவில் எடுக்க வேண்டும் என்று அவனுக்குப் பட்டது. லென்ஸைத் துணியில் சுற்றிக்கொண்டு எல்லை தாண்டி செரெஸுக்குப் போனான். அங்கே பழைய கேமரா விற்கும் லெஃப்டெரிஸ் கிரேக்கன் என்றாலும் எங்களுக்கு வேண்டியவன். எங்களிடம் பேசும்போது எங்களைப் போலவே தலையாட்டுவான். அதனாலேயே எங்கள் ஊர் மொத்தமும் அவனிடம் போய் விழும்.

லெஃப்டெரிஸ் ஃபுல் ஃப்ரேம் கேமரா ஒன்றை எடுத்து வைத்தான். பழைய கேமராவைவிடச் சென்சார் நன்றாகவே பெரிது. ஸ்டாமென் தன் லென்ஸை அதில் வைத்துத் திருப்பினான். அதுக்கென்றே செய்தது போல் 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. மரியாதையாக இருக்கட்டும் என்று வழி நெடுக மனப்பாடம் செய்து வந்த கிரேக்க வாக்கியத்தை ஒப்பித்தான்: இது இதில் முழுசாக வேலை செய்யுமா? லெஃப்டெரிஸ் கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாருடனோ சண்டையில் இருந்தான். தலையை இடமும் வலமுமாக ஆட்டினான். ஸ்டாமெனுக்கு அப்பாடா என்று இருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

வீட்டில் லென்ஸைப் பாதி தூரம் திருகி, ஸ்டோய்காவின் முகத்தைக் கிட்டே இழுத்துப் படம் எடுத்துப் பார்த்தான். கண்ணாடி மாதிரி வந்தது. அவளே ஒரு குறையும் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்தன்று, பெண்ணும் மாப்பிள்ளையும் ரொட்டியைப் பிய்த்து, பெரிய துண்டு வந்தவருக்குத்தான் வீட்டில் அதிகாரம் என்பார்கள், அது நெவேனா கைக்கு வந்து, யென்ஸின் நிலைமை இனி என்ன என்று எல்லாரும் சிரித்து முடித்ததும், கிளாரினெட் ஹோரோவுக்கு அடி எடுத்துக் கொடுத்தது. விடுதி முற்றத்தில் நல்ல வெயில். வரிசை நீண்டுகொண்டே போனது. கொடிக்காரனுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த நெவேனா திடீரென்று கையை உதறி, வெள்ளை உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாலுக்கு ஓடி, அப்பா கையைப் பற்றிக்கொண்டாள். ஸ்டாமென் நாற்காலி மேல் ஏறினான். லென்ஸைக் கடைசி வரை அகலமாகத் திருப்பி, கேமராவைத் தலைக்கு மேலே தூக்கி அழுத்தினான். மறுபடி மறுபடி அழுத்தினான். வெலின் கைக்குட்டையை வீசிச் சிரித்ததை அவன் கண்ணால் பார்த்தான். திரையைப் பார்த்தபோது வெயிலில் தன் முகந்தான் தெரிந்தது. அதற்குள் வெலினுக்கு மூச்சு முட்டி, பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அப்புறம் அவன் ஆடவில்லை.

வீட்டில் கம்ப்யூட்டரில் திறந்தான். நடுவில் இருந்தவர்கள் பளிச்சென்று இருந்தார்கள். நான்கு மூலையும் கரி பூசியது போல் வளைந்து கறுத்திருந்தன. கொடிக்காரனுக்கு முகம் இல்லை, அவன் ஒழிந்து போகட்டும். இந்தப் பக்கம் நெவேனா வாய்விட்டுச் சிரிக்கிறாள், அவள் கை நீண்டு இருட்டுக்குள் போகிறது, அதைப் பற்றிய நான்கு விரல்கள் தெரிகின்றன. அவ்வளவுதான் வெலின். வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். கறுப்பு சாம்பலாக மாறியதே ஒழிய ஆள் வரவில்லை. எல்லாப் படத்திலும் அதே கதை.

மறுநாளே பழசையும் புதுசையும் தூக்கிக்கொண்டு செரெஸுக்கு ஓடினான். லெஃப்டெரிஸ் இரண்டு கேமராவையும் திறந்து பக்கத்தில் வைத்து, இந்த முறை எங்கள் பாஷையிலேயே விளக்கினான்.

"வாய் ரெண்டுக்கும் ஒரே அளவுதான், அதான் லென்ஸ் உக்காந்துடுது. வயிறுதான் வேற. இந்த லென்ஸ் சின்ன வயித்துக்கு அளந்து வெளிச்சம் போடும். பெரிய வயித்தோட ஓரத்துக்கு எட்டாது. கிட்ட இழுத்தா நிரம்பற மாதிரி இருக்கும், அகலமாத் தொறந்தா குட்டு வெளியே வந்துடும். விழாத வெளிச்சத்தை எங்கேருந்து எடுப்பே?"

"அன்னைக்குக் கேட்டேனே. தலையாட்டினியே."

"இல்லைன்னுதான் ஆட்டினேன்."

"எங்க ஆளுங்ககிட்ட எங்க மாதிரிதானே ஆட்டுவே நீ?"

லெஃப்டெரிஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். "நீ கிரேக்கத்துல கேட்டுட்டே, ஸ்டாமென். ஃபோன் சண்டையில நீ பல்கேரியன்னே தோணாம எங்க வழக்கப்படி ஆட்டிட்டேன்."

கேமராவைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினான் பாவம். அதனால் படம் திரும்பி வருமா? நெவேனா விமானம் ஏறிவிட்டாள், வெலினைப் பக்கத்து ஊர் சான்டான்ஸ்கி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

ஸ்டாமென், புதிதாக ஒரு படமாவது எடுத்துவிடலாம் என்று பழைய கேமராவைப் பையில் ஒளித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். மூக்கில் குழாயோடு கிடந்தவனைப் பார்த்ததும் பையைத் திறக்கக் கை வரவில்லை.

"ஹோரோ படம் எப்படி வந்திருக்கு?" என்றான் வெலின்.

"எல்லாரும் இருக்காங்க."

"நான்?"

ஸ்டாமெனின் தலை இடமும் வலமுமாக ஆடியது. வெலின் எங்கள் ஊர்க்காரன், சட்டென்று புரிந்துகொண்டான். அப்பாடா என்று கண்ணை மூடிக்கொண்டான். அந்த வாரமே போய்விட்டான்.

முதல் தாளில் அவசரத்துக்கு அடையாள அட்டைப் படத்தைப் போட்டார்கள். கம்பத்துக்குக் கம்பம் திருட்டு மூஞ்சி. ஸ்டாமென் தெருவில் குனிந்தே நடந்தான். ஸ்டோய்காவிடம்கூட வாய் திறக்கவில்லை.

அடக்கம் முடிந்து, செத்தவர் பேரில் கொடுக்கும் சர்க்கரை போட்ட கோதுமை ஒரு கிண்ணத்தோடு நெவேனா ஸ்டுடியோவுக்கு வந்தாள். "மாமா, ஹோரோ படம் உங்ககிட்ட இருக்காமே. ஃபோன்ல அப்பா அதைத்தான் சொல்லிட்டே இருந்தாரு. நாற்பதாம் நாளுக்கு அதைப் போடலாம்."

மறைத்து என்ன ஆகப்போகிறது? படத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தான். அவள் விரல் வரிசையைத் தடவிக்கொண்டே போனது. அத்தையைத் தாண்டி, யென்ஸைத் தாண்டி, தன் முகத்துக்கு வந்து, தன் கை வழியே இருட்டில் போய் நின்றது.

"அப்பா இதுல இருக்காரா?"

இருக்கார், அந்த நாலு விரலும் அவருதான், சிரிச்சுக்கிட்டிருந்தார், நான் என் கண்ணால பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். தலைதான் ஆடியது, எப்போதும் போல, இடமும் வலமுமாக.

நெவேனா லைப்ஸிக் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நோயாளிகளிடமும் டாக்டர்களிடமும் அவர்கள் மாதிரியே ஆட்டவும் அர்த்தம் எடுக்கவும் பழகிவிட்டாள். அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பரவால்ல மாமா" என்று படத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அட்டையில இருக்கறதையே போட்டுடுங்க."

அவள் போய்க் கதவு சாத்திக்கொண்டது. கவிழ்ந்து கிடந்த படத்துக்கு முன்னால் ஸ்டாமெனின் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இருக்கார், இருக்கார்.